கால் சுற்று

பொள்ளாச்சி ரோட்டில், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் குழந்தைவேலு ஐந்து வருடமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டிச் செய்கிற, இரண்டு பேர் உட்காரும் விமானம்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. கட்டவும் ஓட்டவும் கற்றுக்கொடுத்த எஸ்தருக்கு நாற்பது. முப்பது வருடம் பம்புசெட் செய்து விற்ற மனுஷன் அவளை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். முதலில் கேலிக்கு. பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

கடைசி வேலை, தலைக்கு மேல் கவிழ்கிற கண்ணாடி மூடி. பிளாஸ்டிக்தான், ஆனால் தண்ணீர் போலத் தெளிவு. அதைச் சட்டத்தோடு பிடிக்க அறுபது ஸ்க்ரூ. வரும் ஞாயிறு அவர் தனியாகப் பறந்து பார்க்க வேண்டும். அடுத்த மாதம் பக்கத்து சீட்டில் மனைவி தனபாக்கியம். வேண்டாம், வேண்டாம் என்று ஐந்து வருடம் சொல்லி அலுத்து, போன வாரம்தான் சரி என்றிருந்தாள்.

“விரலால முடுக்குங்க. நின்னதும் அரைச் சுத்து பின்னால விடுங்க. அவ்வளவுதான்” என்று எஸ்தர் சொல்லியிருந்தாள்.

மூடியைப் பொருத்திய மூன்றாம் நாள் அது சத்தம் போட ஆரம்பித்தது.

யாரும் தொடவில்லை. காற்றும் இல்லை. வெயில் ஏறியதும் ‘டிக்’ என்று ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. உள்ளே உட்கார்ந்து யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி. எட்டிப் பார்த்தால் இரண்டு சீட்டும் காலி.

குழந்தைவேலு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்து விமானத்தின் மூக்கில் கட்டினார். அது பாட்டுக்குத் தொங்கியது. சத்தம் அதன் பாட்டுக்கு வந்தது.

“டீச்சர், உள்ள என்னமோ இருக்குதுங்க” என்றார்.

“என்ன?”

“தட்டுதுங்க. என்ற கொழுந்தியா வந்து, இவ்ளோ பெருசான்னு வாயப் பொளந்தா. அன்னைலிருந்துதான்.”

“அவங்க வாயைப் பொளந்து கண்ணாடி உடையும்னா, உங்க வீட்டுல ஒரு டம்ளர் மிஞ்சியிருக்காதே.”

அவர் சிரிக்கவில்லை. “இருக்குதா, இல்லீங்களா? அதைச் சொல்லுங்க.”

“இருக்கு. நீங்கதான் உள்ள அடைச்சு வச்சிருக்கீங்க.”

எஸ்தர் ஒரு ஸ்க்ரூவை விரலால் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை. பத்து ஸ்க்ரூ வரை பார்த்தாள்.

“ஏறி உட்காருங்க.”

கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கொடுத்தாள். மூடியைக் கவிழ்த்தாள். தாழ்ப்பாளை வெளியிலிருந்து போட்டாள். பிறகு விமானத்தைத் தள்ளிக்கொண்டு போய், மொட்டை வெயிலில் நிறுத்தினாள்.

உலகத்தின் சத்தம் நின்றுபோனது. தென்னையில் ஒரு காக்கை வாயைத் திறந்து திறந்து மூடியது. கேட்கவில்லை. அவருடைய மூச்சு மட்டும், வேறு யாருடையதோ போலக் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

கண்ணாடியின் வளைவில் அவர் முகம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், காலி சீட்டுக்கு மேலே, இன்னொரு முகம். நீண்டு, இழுபட்டு, அவருடைய மீசையோடு. அவர் சட்டென்று பக்கத்து சீட்டைப் பார்த்தார். யாரும் இல்லை. திரும்பினார். அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

டிக்.

காதோரம் இருந்த ஸ்க்ரூவின் அடியில் மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு.

டிக்.

கோடு ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. யாரும் தள்ளவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தது. பக்கத்து சீட்டின் முகத்தை நோக்கிப் போனது. அதன் தாடைக்குக் கீழே வந்து நின்றது.

டிக்.

கழுத்துக்குக் குறுக்கே முழுசாக ஓடியது.

குழந்தைவேலு சட்டத்தைக் குத்தினார், கத்தினார். வெளியே எஸ்தர் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நிதானமாக வந்து திறந்தாள்.

“எத்தனை ஸ்க்ரூவை முடுக்கினீங்க?”

“எல்லாத்தையுங்க. காலைல, குளிருல வந்து. நின்ன எடத்துக்கு மேல கால் சுத்துதானுங்க.”

“வெயில்ல அது பெருசாகும்னு சொன்னேனே. அது நகர எடம் வேணும்னுதானே ஓட்டையையும் பெருசாப் போட்டோம்.”

“கேஸ் சிலிண்டரையே ரெண்டு தடவ முடுக்கிப் பாக்காமத் தூங்க மாட்டேனுங்க நான். லொடலொடன்னு விட்டுட்டு எப்படீங்க மேல போறது? ஆடாம இருந்தாத்தானே பத்திரம்?”

எஸ்தர் வெள்ளைக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“கோட்டு நுனில சின்னதா ஒரு ஓட்டை போட்டா அதுக்கு மேல ஓடாதுன்னு படிச்சேனுங்க.”

“ஓடாமலும் இருக்கலாம்.”

“அப்ப அதை மட்டும் போட்டுருவோம். மத்த ஸ்க்ரூவெல்லாம் முடுக்கினபடியே இருக்கட்டுங்க. புதுக் கண்ணாடி வர ஆறு மாசம் ஆகும். அவ மறுபடி வேண்டாம்னுருவா.”

எஸ்தர் போனை எடுத்தாள்.

“யாருக்குங்க டீச்சர்?”

“தனபாக்கியம் அக்காவுக்கு. வரச் சொல்றேன்.”

“அவ எதுக்குங்க இந்த வெயில்ல?”

“இப்ப அவங்க உள்ள உட்காரட்டும். வெளியிலேர்ந்து நீங்க தாழ்ப்பாள் போடுங்க.”