ஒன்பதாம் நம்பர் கம்ப்யூட்டர்

தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனி. அதன் மேனேஜர் சிதம்பரநாதன் தன் கம்ப்யூட்டருக்குத் தினமும் சந்தனம், குங்குமம் வைப்பார். திறந்து பார்த்த பாவம் மட்டும் அவருக்குக் கிடையாது. ஜோசியர் பேச்சைக் கேட்டு, தன் ஆபீஸிலும் வேம்பாறு கிளையிலும் கம்ப்யூட்டர்களுக்கு ஒரே ராசி நம்பர்களைப் போட வைத்திருந்தார். மேனேஜர் கம்ப்யூட்டர் இரண்டு ஊரிலும் ஒன்பதுதான்.

"ரெண்டு ஆபீஸையும் வி.பி.என். போட்டு இணைச்சிரு. வேம்பாறு கம்ப்யூட்டரை இங்க இருந்தே திறந்து பாக்கணும்" என்றார், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் முப்பிடாதியிடம்.

"ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் இருந்தா இணையாது சார். ஒரு பக்கம் மாத்தணும்."

"எனக்கே பாடம் நடத்துறியா? நம்பரைத் தொட்டா உன் வேலை போயிரும். நாளைக்கு முதலாளியம்மா வர்றாங்க, ஓடணும்."

"சரி சார், தொடலை. நீங்களே திறந்து காட்டுங்க."

மறுநாள் முதலாளியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சிதம்பரநாதன் ஒற்றை விரலால் ஒன்பதைத் தட்டினார். திரை திறந்தது.

"வேம்பாறு மேனேஜர் லட்சணத்தைப் பாருங்கம்மா! உப்பளத்து ஆளுங்க காலுக்கு பூட்ஸ் கேட்டு அனுப்பின மனு முந்நூறு கிடக்கு. ஒன்னைக்கூடத் திறக்கலை. இந்தச் சோம்பேறிய இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும்!"

முதலாளியம்மா முப்பிடாதியைப் பார்த்தார்.

"ஒரே நம்பருங்கிறதால, சார் தேடினது இந்த ரூமைத் தாண்டவே இல்லைம்மா. இது சாரோட கம்ப்யூட்டர்."

சிதம்பரநாதனின் சந்தனப் பொட்டு வேர்வையில் கரைந்தது.

"நம்பரை நீ மாத்திரு" என்றார் முதலாளியம்மா. "வீட்டுக்கு அனுப்புற வேலைய நான் பாத்துக்கிடுதேன்."