பெட்டிக்குள் அடங்காத மகாராணி

வார்சா நகரத்தைப் பிடித்த அந்நியப் படை, அங்கிருந்த பெரிய நூலகத்தையும் விட்டுவைக்கவில்லை. ஊரார் யாரும் போய்ப் படிக்கலாம் என்றிருந்த புத்தகங்களைத் தங்கள் தலைநகருக்கு அள்ளிப் போகப் பெட்டிகள் வந்து இறங்கின. எல்லாம் ஒரே அளவு. பெரிய புத்தகங்கள் உள்ளே போகவில்லை.

"போகாததைக் கோடாரியால் வெட்டி அடை," என்றான் தளபதி குரோவின்.

ஆணி அடிக்க வந்த தச்சன் மாச்சேய்க்குப் பொறுக்கவில்லை. திருடுவதும் போதாதென்று வெட்டவும் வேண்டுமா? வெட்டுக்கு முதலில் வந்தது, நகரத்துத் தெருக்களை எல்லாம் வரைந்த வரைபடப் புத்தகம்.

அவன் கோடாரியோடு நேராகச் சுவரருகே போனான். தளபதி அங்கே தங்கள் மகாராணியின் படத்தை மாட்டியிருந்தான். அதுவும் தலைநகருக்குத் திரும்ப வேண்டியதுதான். மாச்சேய் அதை இறக்கிப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தான்.

"ஐயா, அம்மாவும் உள்ளே போகவில்லை. தலைப்பக்கம் வெட்டவா, கால்பக்கம் வெட்டவா?"

சிப்பாய்கள் எல்லோரும் தளபதியைப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"கோடாரியைக் கீழே போடடா முட்டாளே. படத்துக்குத் தனியாகப் பெரிய பெட்டி செய். ஒரு கீறல் விழுந்தாலும் உன் தலை இருக்காது."

"வண்டி குலுங்குமே ஐயா. அடியில் கனமாக ஏதாவது அடுக்கினால்தான் படம் ஆடாது."

"எதையாவது அடுக்கித் தொலை."

மாச்சேய் கிணறுபோல ஆழமாகப் பெட்டி செய்தான். பெரிய புத்தகங்கள் அத்தனையும் அடியில் போயின. மேலே மகாராணி படுத்துக்கொண்டார்.

புத்தகங்களை ஊரிலேயே நிறுத்த அவனால் முடியவில்லை. ஆனால் அந்தப் பெட்டிமேல் கோடாரியை ஓங்க ஒருவனுக்கும் துணிச்சல் வரவில்லை.