இத்தாலிக் காரும் டிங்கர் காரும்

ஒண்டிப்புதூர் டிங்கர் தேவசகாயம், பழைய மாருதி காரின் மேல் ஃபைபர் பாடி பொருத்தி, இத்தாலி ரேஸ் கார் மாதிரியே ஒன்றைச் செய்துவிட்டார். குறை இல்லாமல் இல்லை. மழை பெய்தால் உள்ளே ஒழுகும். இடது கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். ஆனால் அந்தச் சிவப்பு வண்டி தெருவில் வந்தால், டீ குடிக்கிறவன் கிளாஸை வாயில் வைக்க மறந்துவிடுவான்.

மில் முதலாளி நஞ்சப்பனுக்கு அசல் இத்தாலிக் காரே ஒருநாள் லாரியில் வந்து மில்லில் இறங்கியது. ஊரில் ஏற்கெனவே ஒரு நகல் ஓடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. அப்போதே தேவசகாயத்தை வண்டியோடு மில்லுக்கு வரச் சொன்னார்.

"ரெண்டும் ஓடட்டும். தோத்தா உன் டூப்ளிகேட்டை நீயே சுத்தியலால உடைக்கணும்."

"சரிங்க. எது வரைக்குமுங்க?"

"நீயே சொல்லு."

"உங்க வீட்டு வாசல் வரைக்குமுங்க."

முதலாளி ஓட்டிய அசல் பறந்தது. தேவசகாயம் நிதானமாகப் போனபோது, அது முதலாளி வீட்டுத் தெருமுனையிலேயே நின்றிருந்தது. தன் தெருவில் யாரும் வேகமாகப் போகக் கூடாதென்று முதலாளியே ஆள் வைத்துப் போட்ட வேகத்தடை, யானை முதுகு மாதிரி. தாழ்வான காரின் வயிறு அதில் உட்கார்ந்துவிட்டது. தெருவே வேடிக்கை பார்த்தது.

தேவசகாயம் இடது கதவைத் திறந்தார். "ஏறுங்க, வீட்டுல விடறேன்."

கூட்டத்திடமிருந்து தப்பினால் போதுமென்று முதலாளி ஏறினார். அடியில் மாருதியின் உயரம் இருந்ததால், நகல் வேகத்தடையை ஏறி இறங்கி வாசலில் நின்றது. முதலாளி கதவைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை.

தேவசகாயம் சுற்றி வந்து ஜன்னலருகே குனிந்தார்.

"சுத்தியல் எடுத்தாரட்டுங்களா, இல்லை நானே திறக்கட்டுங்களா?"