ஊதா பூத்த தட்டு

"பேரு தாமரை, ஆனா குளம் வேண்டாம். தலையில பூக்கும், யாரும் சூட மாட்டாங்க. பூத்த இடத்துல முடி நிக்காது. அது என்ன?"

விடுகதை போட்டவர் டாக்டர் ஜைனப். அரசு மருத்துவமனையில் பூஞ்சைப் பரிசோதனைக் கூடத்தின் தலைவர். பதில் சொல்ல வேண்டியவள் ஏழு வயது சுடர். அவள் உச்சந்தலையில் எலுமிச்சை வில்லை அளவுக்கு ஒரு சொட்டை.

"தெரியலை."

"படர்தாமரை. உன் தலையில இருக்கிறது அதுதான்."

"புழுவெட்டுன்னுல்லா சொன்னாங்க," என்றாள் அம்மா பொற்கொடி. "சின்ன வெங்காயம் தேய்ச்சுத் தேய்ச்சுப் பிள்ளை அழுததுதான் மிச்சம்."

சொட்டையில் கரும்புள்ளிகளாக ஒடிந்து நின்ற முடிகளை இடுக்கியால் பிடுங்கினாள் கோமதி. அவள் டாக்டரிடம் மேற்படிப்பு படிக்கும் மாணவி. முடிகளைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்துப் பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு விட்டாள். முடி இளகித் தெளியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள். பைக்குள் அடைத்த கடுகு போல, முடிக்குள்ளே பூஞ்சை வித்துகள்.

"மேடம், வித்து இருக்கு. முடிக்கு உள்ளேயே நிறைஞ்சு கிடக்கு."

"சரி, ரிப்போர்ட் எழுதிடு."

டாக்டர் எழுந்துகூட வரவில்லை. அவர் நாற்காலி இன்னொரு மாணவன் பெலிக்ஸின் மேசையை ஒட்டிக் கிடந்தது.

"நிதானமா பாருப்பா. ஓரத்திலிருந்து வா. இது என்ன சொல்லு? சரி, மறுபடியும் பாரு."

கோமதி அந்த நாற்காலியை முறைத்தாள். சேர்ந்த நாளிலிருந்து இதே கதைதான். அந்த நாற்காலி ஒரு நாளாவது அவள் மேசைப் பக்கம் வந்ததில்லை. டாக்டருக்கு வரும் தேநீர்கூட நேரே பெலிக்ஸ் மேசைக்குத்தான் போகும். அவன் அப்படி என்ன பெரிய கெட்டிக்காரன்? இந்தப் பிள்ளையின் பரிசோதனை முடியட்டும், வேறு பிரிவுக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டுவிடுவோம் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

டாக்டர் அங்கிருந்தே கேட்டார். "வீட்டில வேற பிள்ளை இருக்காம்மா?"

வாசலில் நின்ற பெரியவளைப் பொற்கொடி முன்னால் இழுத்து நிறுத்தினாள். எழில், பதினொரு வயது. பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது.

"இவளுக்கு ஒண்ணுமில்லை மேடம். முடியைப் பார்த்தீங்கல்லா? தெருவே கண்ணு வைக்கும்."

"சீப்பு?"

"ஆளுக்கு ஒண்ணு."

சுடர் தரையைப் பார்த்தாள். கோமதி குனிந்து மெதுவாகக் கேட்டாள். "அக்கா சீப்பை எடுப்பியா?"

"அக்கா குளிக்கப் போகும்போது எடுப்பேன்."

"எதுக்கு?"

"அதுல சீவினா எனக்கும் அது மாதிரி வளரும்னு."

"ஏட்டி கள்ளி," என்றாள் எழில். "அதான் சீப்பு எப்பவும் இடம் மாறிக் கிடந்துதா?"

"உனக்கென்ன? உன் முடியை எல்லாரும் தொட்டுப் பார்க்காங்க. என்னை யாரு பார்க்கா?"

கோமதி ஆளுக்கொரு புது பிரஷ்ஷால் இரண்டு தலையையும் தேய்த்தாள். பூஞ்சை வளர்க்கும் கூழ் ஊற்றிய இரண்டு தட்டுகளில் தனித்தனியாக அழுத்தி எடுத்தாள். மூடிகளில் பெயர் எழுதி ஒட்டினாள்.

பூஞ்சை மெதுவாகத்தான் வளரும். வாரங்கள் போயின. பிள்ளைகள் திரும்பி வந்த காலையில் கோமதி தட்டுகளை எடுத்துப் பார்த்தாள். சுடரின் தட்டில் காய்ந்த திராட்சை போல் சுருங்கிய இரண்டு ஊதாப் பூஞ்சைத் திட்டுகள். எழிலின் தட்டு முழுக்க ஊதா. தலையில் ஒரு செதில்கூட இல்லாத பெண்.

"சொட்டை இல்லாமலும் தலையில குடியிருக்கும்," என்றார் டாக்டர். "சீப்பு வழியா தங்கச்சிக்கு வந்திருக்கலாம். ரெண்டு பேருக்கும் மாத்திரை வேணும். பழைய சீப்பைத் தூக்கிப் போட்டுடுங்க. சீப்பு, தொப்பி, துண்டு எதையும் ஒருத்தருது இன்னொருத்தர் எடுக்கக்கூடாது."

சொல்லிவிட்டு, வழக்கம்போல் நாற்காலியை இழுத்துக்கொண்டு பெலிக்ஸ் பக்கம் கிளம்பினார். கோமதிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"மேடம், என்னை வேற பிரிவுக்கு மாத்திடுங்க."

"ஏன்?"

"பெலிக்ஸ் பக்கத்துலதான் எப்பவும் உட்காருறீங்க. என் பக்கத்துல ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை."

டாக்டர் நாற்காலியை விட்டார். இரண்டு தட்டுகளையும் எடுத்துவந்து சுடருக்கு முன்னால் வைத்தார். மூடி திறக்காதபடி ஒட்டியிருந்தது.

"இது உன் தலையில இருந்தது. இது அக்கா தலையில இருந்தது."

சுடர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் உதடு பிதுங்கியது. "அக்காவுக்கு மட்டும் நிறைய."

"ஆமா. ரெண்டுல உனக்கு எது வேணும்? யோசிச்சுச் சொல்லு."

பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் கோமதி பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெலிக்ஸ் காத்துக் குமிழியைப் பார்த்து வித்துன்னு எழுதுறான். பஞ்சு நூலைப் பார்த்துப் பூஞ்சைன்னு எழுதுறான். நான் எழுந்து வந்தா ஒரு பிள்ளைக்குத் தப்பா மருந்து போயிடும். உன் ஸ்லைடை நான் ரெண்டாவது தடவை பார்த்தது எப்போ?"

கோமதி நினைத்துப் பார்த்தாள். அப்படி ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை.

"பார்த்ததே இல்லை மேடம்."

"நாளையிலிருந்து உன் பக்கத்துலயும் உட்காரட்டுமா?"

கோமதி நாற்காலியைப் பெலிக்ஸ் மேசைப் பக்கமே தள்ளி வைத்தாள்.

சுடர் அக்காவின் தட்டைக் காட்டி, அதுதான் தனக்கு வேண்டும் என்றாள்.