இன்பனுக்கு ஏழு புள்ளி

“இதுல என்னக்கா தப்பு?”

மூன்றாவது தடவையாகக் கேட்டேன். நான் வேலை பழகுகிற ஃப்ளெக்ஸ் கடை சபீனா அக்காவுடையது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் நான் செய்த டிசைன். எட்டுக்கு நாலு அடி ஃப்ளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி.

போட்டோ கிடையாது. ரோஜாப்பூ கிடையாது. மெழுகுவத்தி, அழுகிற கண், பறக்கிற புறா, எதுவும் கிடையாது. பெரம்பலூரில் எல்லாக் கடையும் போடுகிற குப்பை ஒன்றுகூட அதில் இல்லை. கரும்பச்சைத் தண்ணீர். அதற்குள் ‘இன்பன்’ என்ற நாலு எழுத்தும் சாய்ந்து, மூழ்கிக்கொண்டிருந்தன. புள்ளிகள் மட்டும் எழுத்தின் தலையை விட்டுக் கழன்று, குமிழியாக மேலே போய்க்கொண்டிருந்தன.

படம் தேடாதே, எழுத்தையே படமாக்கு. இதைச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான். ‘குளிர்’ என்று எழுதினால் அது நடுங்கணும்டா என்பாள். பதினொன்றாவதோடு நான் விட்டுவிட்டு வந்த பள்ளிக்கூடத்தில் எவனும் எனக்கு இப்படி ஒன்றைச் சொன்னதில்லை.

இன்பன் என் சிநேகிதன். நேற்று குவாரித் தண்ணீரில் போய்விட்டான்.

நேற்று நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். போலீஸ்காரரிடமும்.

கதவைத் தள்ளிக்கொண்டு இன்பனுடைய மாமா உள்ளே வந்தார். அவன் அம்மாவுக்குத் தம்பி.

“முடிஞ்சுதாம்மா? ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க.”

“பாருங்கண்ணே,” என்று அக்கா நாற்காலியை நகர்த்தினாள்.

அவர் குனிந்து பார்த்தார்.

“பேரு எங்கப்பா?”

“தண்ணிக்குள்ள இருக்கு மாமா.”

“இ... ன... ப... ன.” அவர் நிமிர்ந்தார். “இனபனவா? யாரு அது?”

“புள்ளி மேல இருக்கு மாமா. குமிழி மாதிரி. பாருங்க.”

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதை எங்கக்கா பாக்கணுமாடா?” என்றார்.

திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நேத்துலேர்ந்து அது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டு இருக்கு. எம்புள்ள தனியாவா போனான், கூட யாராச்சும் இருந்தாங்களா, கடைசியா என்ன பண்ணான். இதான். நான் என்னத்தச் சொல்ல?”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் வண்டிப் பக்கத்தில் நின்றார்.

“அவருக்கு டிசைன் புரியலக்கா,” என்றேன்.

“நல்லாப் புரிஞ்சுதுடா.”

அக்கா மவுஸை எடுத்தாள்.

“இன்பன்ல எத்தனை புள்ளி?”

“ரெண்டு.”

“இங்க எத்தனை இருக்கு?”

“ஏழு.”

“எதுக்கு?”

“ரெண்டே ரெண்டு குமிழின்னா மொட்டையா இருக்கும்க்கா.”

“சரி. மேல அஞ்சு ஒட்டி ஒட்டி இருக்கு. அப்புறம் இவ்ளோ பெரிய கேப். கீழ ரெண்டு. இந்தக் கேப் எதுக்கு?”

“சும்மாதான்.”

“சும்மா எதையும் வெக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கீழே இழுத்தாள். ஏழு குமிழிக்கும் நடுவில் ஒரே அளவு இடம் விட்டாள்.

“இப்ப எப்படி?”

“வேணாம்க்கா.”

“ஏன்டா, கண்ணுக்கு இதான் அழகா இருக்கு.”

“அழகாத்தான் இருக்கு. ஆனா தப்பு.”

“என்ன தப்பு?”

“அப்படி வரல.”

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

உள்ளே மிஷின் யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா பேனரைத் துப்பிக்கொண்டிருந்தது.

“வெக்கலையா, வரலையா?” என்று அக்கா கேட்டாள்.

நான் கீபோர்டைப் பார்த்தேன்.

அவள் செய்ததையெல்லாம் பழையபடி ஆக்கினாள். ஐந்தும் மேலே போயின. கேப் திரும்ப வந்தது. அதன் மேல் விரலை வைத்தாள்.

“இது எவ்ளோ நேரம் திலீபா?”

“தெரியலக்கா.”

அவள் விரலை எடுக்கவில்லை.

“எனக்கு நீச்சல் தெரியாது,” என்றேன். “கரையிலதான் நின்னேன். அஞ்சு வந்துச்சு, கடகடன்னு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. மூச்சுப் புடிச்சு வெளையாடுறான்னு நெனச்சேன். சிரிச்சேன். டேய் போதும் வாடான்னு கத்தினேன். அப்புறம் ரெண்டு வந்துச்சு.”

“அப்புறம்?”

“ஓடிட்டேன்.”

அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தண்ணீரை அழித்தாள். சாய்ந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். கடைசியாக வந்த இரண்டு புள்ளியையும் எடுத்து, முதல் ‘ன’ மேல் ஒன்று, அடுத்த ‘ன’ மேல் ஒன்று வைத்தாள். வெள்ளையில் கறுப்பு எழுத்து. வேறு ஒன்றும் இல்லை.

இன்பன்.

ஒரு வித்தையும் இல்லாத எழுத்து. ஸ்கூல் நோட்டில் ஒட்டுகிற லேபிள் மாதிரி இருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

மிச்சம் ஐந்து புள்ளி. அவற்றைப் பக்கத்துக்கு வெளியே, சாம்பல் இடத்தில், தள்ளி வைத்தாள்.

“இதை டெலீட் பண்ணலையாக்கா?”

“அது என்னோடது இல்ல. உன்னோடதும் இல்ல.”

“பின்ன?”

“அவங்கம்மாவோடது. ஃப்ளெக்ஸோட சேத்து நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வா.”

“என்ன சொல்லிக் குடுக்கறது?”

“எத்தனைன்னு சொல்லு. கேப்பையும் சொல்லு.”

“அவங்க என்னைக் கொன்னுடுவாங்கக்கா.”

அக்கா பிரிண்ட் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஃப்ளெக்ஸ் வந்தது. மை காய்ந்ததும் சுருட்டி வெளியே கொண்டுபோனேன். மாமா வாங்கிக் கொஞ்சமாகப் பிரித்துப் பார்த்தார். பெயர் தெரிந்தது. தலையாட்டினார். வண்டியில் ஏறி, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பின்சீட்டில் எனக்கு இடம் இருந்தது.

“வரியாப்பா?”

கண்ணாடிக் கதவுக்குள் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னும் காய்ச்சல் விடல மாமா,” என்றேன்.