ஆற்று மடுவுக்குக் குடிபோன நீர்நாய்கள்

மலையடிவாரக் குளம் ஒன்றில் பதினொரு நீர்நாய்கள் ஒரே கூட்டமாக வாழ்ந்தன. அந்தக் குளத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மீனை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் மேல் பல் வைக்கக் கூடாது.

பதினொன்றும் பிறை வடிவில் நீந்தி, மீன்களைக் கரையோரம் ஓட்டிவந்து மடக்கும். கெண்டை, கெளுத்தி, விரால் எதுவும் தப்பாது. பக்கத்துக் கூட்டங்கள் வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கும்.

அந்தப் பெருமை தலைவன் செங்கோடனின் தலைக்கேறிவிட்டது.

"மீன் என்ன திருப்பியா கடிக்கப் போகிறது? இதில் என்ன வீரம்!" என்றான் ஒருநாள். "ஆற்று மடுவுக்குப் போவோம்! அங்கே கூட்டமும் கூட்டமும் மோதும். ஜெயித்தவனுக்குத்தான் மீன். நாம் போனால் ஒரே வாரத்தில் மடு நம் கைக்கு வந்துவிடும்!"

பூவாத்தா என்ற பெண் நீர்நாய்க்குக் கைக்குழந்தைபோல ஒரு குட்டி இருந்தது. அவள் கேட்டாள்: "அண்ணே, அங்கே பின்னாலிருந்து வந்து கடிப்பார்களாமே! நாம் மீன் ஓட்டும்போது காவல் யார் பார்ப்பது?"

"காவலா? அது பயந்தாங்கொள்ளிகளின் வேலை! சரி, போகலாம் என்பவர்கள் வாலைத் தூக்குங்கள்!"

எல்லா வால்களும் எழுந்தன. அவற்றில் ஆறேழு வால்களுக்குப் போவதில் துளியும் விருப்பமில்லை. தனியாக விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் எழுந்த வால்கள் அவை. பூவாத்தாவின் வாலும் எழுந்தது. "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்ல ஒருவருக்காவது வாய் வந்ததா? வரவில்லை!

மடுவுக்குப் போன முதல் நாள். வழக்கம்போலப் பிறை வடிவில் நீந்தின. மீன்கள் திரண்டன. செங்கோடன் வாயைத் திறக்கப் போகும் நேரத்தில், நாணல் மறைவிலிருந்து ஆறு நீர்நாய்கள் பாய்ந்தன. ராக்காயி என்பவளின் கூட்டம் அது. வாலில் ஒரு கடி, முதுகில் ஒரு கடி! பதினொன்றும் பதினொரு பக்கம் சிதறி ஓடின. மீனெல்லாம் ராக்காயி கூட்டத்துக்கு!

வெறும் ஆறு பேர்! உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டாமா? பாறைமேல் ஏறியதும் ஆரம்பித்துவிட்டது சண்டை.

"இடது பக்கம் யார் ஓடியது? உன்னால்தான் போச்சு!"

"நானா? நீதான் முதலில் ஓடினாய்!"

"தலைவனே ஓடினான், என்னைச் சொல்ல வந்துவிட்டாய்!"

கத்திய கத்தலில் ராக்காயி கூட்டம் மறுபடி வந்ததையே யாரும் கவனிக்கவில்லை. வரும் வழியில் பிடித்துப் பாறையில் வைத்திருந்த மீனும் போயிற்று. இரண்டாவது அடி!

"இனி யாரும் மீன் ஓட்ட வேண்டாம்! எல்லோரும் சண்டைதான் போட வேண்டும்!" என்று செங்கோடன் உத்தரவு போட்டான்.

"அப்புறம் எதைச் சாப்பிடுவது அண்ணே?" என்றாள் பூவாத்தா.

"வயிற்றையே நினைத்துக்கொண்டிருந்தால் வீரம் எப்படி வரும்?"

மூன்றாம் நாள், எதிரிக் கூட்டத்து நீர்நாய் ஒன்று தனியாக நீந்துவதைச் செங்கோடன் பார்த்தான். "பிடியுங்கள் அவனை!" ஒற்றை ஆளைத் துரத்திக்கொண்டு பத்துப் பேர் மடுவின் அக்கரைவரை போனார்கள். அகப்பட்டானா? இல்லை! அவன் அதற்காகவே நீந்தியவன். திரும்பி வந்தபோது வளை கலைந்து கிடந்தது. குட்டியோடு வளையில் இருந்த பூவாத்தாவின் உடம்பெல்லாம் கடி. குட்டி பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது.

"ஒரே ஒருத்தரைக் காவல் வைத்திருக்கக் கூடாதா?" என்று அழுதாள் பூவாத்தா.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன? செங்கோடனோ சீறினான். "நீ கத்தியிருந்தால் வந்திருப்போம்! உன் சோம்பலுக்கு நானா பொறுப்பு?"

 பூவாத்தா குட்டியைக் கவ்விக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

அதன்பின் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். "வயிறு சரியில்லை, நாளைக்கு வருகிறேன்" என்றது ஒன்று. "அக்காளைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்றது இன்னொன்று. எதுவும் திரும்பி வரவில்லை. செங்கோடன் வழியில் திரிந்த நீர்நாய்களைக் கூப்பிட்டுச் சேர்த்தான். அவை நன்றாகச் சாப்பிட்டன. அடி விழப் போகிறது என்றதும் ஒன்றையும் காணோம்!

கடைசியாக மிஞ்சியவன் கரியான். கூட்டத்திலேயே வேகமான நீச்சல்காரன். ஒருநாள் காலையில் பார்த்தால், அவன் ராக்காயியின் பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தான்!

"துரோகி! என்னடா கொடுத்தாள் உனக்கு?" என்று கத்தினான் செங்கோடன்.

"ஒன்றும் கொடுக்கவில்லை அண்ணே," என்றான் கரியான். "இங்கே இரண்டு பேர் காவல். மூன்று பேர் மீன் ஓட்டுகிறார்கள். எப்போது பாய வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று ஒருத்தி சொல்கிறாள். நேற்று மேல்கரைக் கூட்டத்திடம் செமத்தியாகத் தோற்றோம். யாரும் யாரையும் திட்டவில்லை. எங்கே தப்பு என்று பேசிவிட்டுத் தூங்கினோம்."

செங்கோடனுக்கு அது விளங்கவே இல்லை. "என்னிடம் பதினொரு பேர் இருந்தார்கள்! உங்களைப்போல இரண்டு மடங்கு! எல்லோரையும் நீதான் விரட்டிவிட்டாய்!" என்று ராக்காயியைப் பார்த்துச் சீறினான்.

ராக்காயி நீந்துவதை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, நாங்கள் உங்களை அடித்தது மூன்றே தடவை. நான்காம் தடவை அடிக்க வந்தோம். அங்கே அடிக்க ஆளே இல்லை. அவர்களை விரட்டியது யார் என்று நீயே யோசித்துப் பார்!"

செங்கோடன் வாயைத் திறந்தான். குறை சொல்ல யாராவது கிடைப்பார்களா என்று இடமும் வலமும் பார்த்தான். ஒருவருமில்லை. வாயை மூடிக்கொண்டான்.

எதிரியின் பல் பட்டு உடைந்த கூட்டம் குறைவு; தோற்ற அன்று தன் ஆளையே கடித்து உடைந்த கூட்டம்தான் அதிகம்.