‘ஆ’ போட்டால் எங்கே போகும்

"இருக்கிற குறுக்குவழி போதலம்மா. இன்னொண்ணு வேணும்," என்றார் வைரவன்.

"எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார் எப்சிபா.

"ஒருத்தர் பெயரைத் தட்டினா, அவரைப் பத்தி நான் எழுதி வெச்சிருக்கிற அத்தனை பக்கமும் ஒண்ணா திறக்கணும்."

"திறந்தா?"

"ஆள் முழுசா கூட இருக்கிற மாதிரி இருக்கும்."

தூத்துக்குடியில் ஒரு பேக்கரியின் மாடி அது. கீழிருந்து ரொட்டி வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது.

வைரவன் மதுரைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எப்சிபாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் வைரவன் தினமும் குறிப்பெழுதும் மென்பொருளை உருவாக்கியவர் எப்சிபாதான். அதைப் பயன்படுத்துகிறவர்கள் சந்தேகம் வந்தால் அவரைத் தேடி வருவார்கள். சிலர் அவரை விளையாட்டாக குரு என்பார்கள். சிலர் விளையாட்டாகச் சொல்வதில்லை.

அந்த மென்பொருளில் படம் கிடையாது, நிறம் கிடையாது. வெறும் எழுத்து. வசதி என்று ஒன்றே ஒன்றுதான். ஓர் எழுத்து, அதன் பக்கத்தில் இரட்டைப் புள்ளி, பிறகு ஒரு பெயர். இப்படி அடித்தால் பெயர் இணைப்பாக மாறிவிடும். தட்டினால் எங்கே போக வேண்டும் என்பதை அவரவர் தம் விருப்பப்படி எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வைரவன் ‘செ’ என்று வைத்திருந்தது செடிகளுக்கு. ‘ஊ’ என்றால் ஊர். ‘ஆ’ என்றால் ஆள்.

"யார் முழுசா வேணும் உங்களுக்கு?" என்றார் எப்சிபா.

"என் தம்பி."

"காட்டுங்க."

வைரவன் மடிக்கணினியைத் திறந்து ‘ஆ:சாத்தப்பன்’ என்று அடித்துத் தட்டினார். பக்கம் திறந்தது. சாத்தப்பன் கோயம்புத்தூரில் எந்தத் தெருவில் வீடு வாங்கினார், அவருடைய மகள் எங்கே படித்தாள், அவருக்கு எப்போது கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது, என்ன கார் வைத்திருக்கிறார், எந்த மாத்திரை சாப்பிடுகிறார். நீண்டுகொண்டே போயிற்று. ஒவ்வொன்றையும் எப்படித் தெரிந்துகொண்டார் என்பதையும் வைரவன் பக்கத்திலேயே குறித்திருந்தார். அத்தை மகன் சொன்னது. கல்யாண வீட்டில் காதில் விழுந்தது. முகநூலில் பார்த்தது.

எப்சிபா பொறுமையாகப் படித்தார்.

"இதுல உங்க தம்பி உங்ககிட்ட சொன்னது எது?"

வைரவன் பக்கத்தை மேலே நகர்த்தினார். இன்னும் மேலே நகர்த்தினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"எங்க ஆத்தா போனதுலேருந்து பேச்சு இல்ல."

"ஏன்?"

"ஆத்தா ஆஸ்பத்திரியில கிடந்தா. வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னா. அவன் கூட்டிட்டுப் போயிட்டான். வழியிலேயே உயிர் போயிருச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டிருந்தா?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

சொன்ன பிறகு வைரவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது.

எப்சிபா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். குறுக்குவழிகள் எழுதியிருந்த கோப்பைத் திறந்தார். ‘ஆ’ என்று தொடங்கிய வரியில், தட்டினால் அவர் குறிப்புகள் அடுக்கியிருக்கும் ‘ஆட்கள்’ அடைவுக்குப் போ என்று எழுதியிருந்தது. அந்தப் பாதியை மட்டும் அழித்தார். மடிக்கணினியைத் திருப்பி வைரவன் முன்னால் வைத்தார்.

"எங்க போகணும்னு எழுதுங்க."

"அடைவுக்குத்தான் போகணும்."

"அது உங்க வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலேருந்து இன்னொரு அறைக்குப் போறது அண்ணாச்சி."

வைரவன் தம்பியின் புகைப்படங்கள் இருக்கும் பக்கத்தின் முகவரியை எழுதினார். எப்சிபா எட்டிப் பார்த்துவிட்டு அதை அழித்தார். தம்பி வீட்டுத் தெருவை வரைபடத்தில் காட்டும் முகவரியை எழுதினார். எப்சிபா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் அழித்தார்.

"நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேம்மா," என்றார் வைரவன். குரலில் எரிச்சல் இருந்தது.

எப்சிபா எழுந்து, ரொட்டி வாங்கக் கீழே போய்விட்டார்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். வரியின் முடிவில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. வைரவன் ‘தொலைபேசி’ என்று எழுதினார். கோப்பை மூடினார்.

‘ஆ:சாத்தப்பன்.’

விரலை வைத்தார். எடுத்தார். தொண்டையைச் செருமி, "டேய், நான்தான்," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். தட்டினார்.

மடிக்கணினியோடு இணைந்திருந்த அவர் கைபேசி விழித்து, வெகுநாளாய் அதில் கிடந்த தம்பியின் எண்ணை அழைத்தது. காதில் வைத்தார்.

அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. ஆங்கிலத்திலும் சொன்னது.

எப்சிபா ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தபோது, வைரவன் கைபேசியை இன்னும் காதில்தான் வைத்திருந்தார்.

"நம்பர் மாத்திட்டான்," என்றார்.

"எப்ப?"

"தெரியல. யாருமே சொல்லலையே."

"நீங்க நம்பர் மாத்தினா யாருக்குச் சொல்வீங்க அண்ணாச்சி?"

வைரவன் வாயைத் திறந்தார். ஒரு பெயரும் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை. எப்சிபா ஒரு ரொட்டியைப் பிய்த்து அவர் கையில் பாதியை வைத்தார். இருவரும் சாப்பிட்டார்கள்.

"கோயம்புத்தூருக்கு இங்கேருந்து நேர் பஸ் இருக்கா?" என்றார் வைரவன்.

"இருக்கு."

மடிக்கணினியை எடுக்காமலே படியிறங்கிப் போனார். எப்சிபா கூப்பிடவில்லை.

கோயம்புத்தூரில் அந்த வீட்டு வாசலில் நின்று மணியை அழுத்தினார். கதவைத் திறந்தது சாத்தப்பனேதான். தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் முகம் வெளுத்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே? யாருக்கும் ஏதும்…?"

"இல்லடா. யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"பின்ன எதுக்கு இவ்வளவு தூரம்?"

"உன் நம்பர் வேணும்," என்றார் வைரவன்.